மரங்கள் இளைத்த வருடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், பினாங்கில் மழை என்பதே மறந்துபோயிருந்தது. வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடந்தது. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் விடியும் முன்பே எழுந்து, சொட்டும் குழாயில் வாளிகளை நிரப்பி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் பஸ் ஏறுவேன். ஜார்ஜ்டவுனில், காடுகளை ஆராயும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். வயது முப்பத்தைந்து, இரண்டு பிள்ளைகள். காட்டைப் பற்றி நாள் முழுக்க டைப் அடித்தேனே தவிர, அதற்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை.

எங்கள் மேலதிகாரி ஒரு சீனப் பெண்மணி. பினாங்கின் கொடிமலைச் சரிவில் இரண்டு இடங்களைத் தேர்ந்து, அங்கிருந்த மரங்களுக்கு எண் போட்டிருந்தார். ஒன்று, பெரிய மரங்கள் கூரையாக மூடிய பழைய காடு. மற்றொன்று, எப்போதோ அடித்த பெருங்காற்றில் பெரிய மரங்கள் சாய்ந்து, வானம் திறந்துபோன இடம். வருங்காலத்தில் வெயில் கூடிக்கொண்டே போனால் எந்த இடத்து மரம் எப்படி வளரும் என்பதுதான் அவர் தேடிய பதில். மாதம் ஒருமுறை மரங்களின் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதி வருபவர், கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரியில் வரும் ஓர் இளைஞர். என்னைவிட எட்டு வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மாதம் அவர் நோட்டை டைப் அடிக்கும்போது என் விரல் நின்றுவிட்டது. திறந்த இடத்து மரங்களில் பல, போன மாதத்தைவிட மெலிந்திருந்தன. ஒன்று இரண்டு என்றால் கைப்பிழை எனலாம். பக்கம் முழுக்க அப்படியே இருந்தது. மரம் வளரும், இல்லாவிட்டால் சாகும். இளைக்குமா என்ன? இவர் மலை ஏறவே இல்லை, ஏதோ ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து மனம்போன போக்கில் எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மேலதிகாரியிடம் போய் அதைச் சொல்லியும்விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மலைக்குப் போகும் நாள்களில் மதியமே ஃபெர்ரி பிடிக்க ஓடிவிடுகிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த இளைஞரின் வேலையை நீட்டிப்பதா என்று அந்த மாதக் கடைசியில்தான் முடிவாக வேண்டியிருந்தது. மேலதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு, மூன்று பேருமே போய்ப் பார்த்துவிடலாம் என்றார்.

விஷயம் தெரிந்து அந்த இளைஞர் என் மேசைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்களே வந்து டேப்பைப் பிடிங்கக்கா. நான் தொடவே மாட்டேன்."

மறுநாள் அதிகாலை மலை ரயிலில் ஏறினோம். இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். திறந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போதே வெயில் முதுகில் ஏறிவிட்டது. இலைகள் சுருண்டு தொங்கின. மிதித்த இடமெல்லாம் சருகு நொறுங்கியது. ஒவ்வொரு மரத்திலும் அளக்க வேண்டிய இடத்தில் சிவப்புச் சாயக் கோடு இருந்தது. முதல் மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்தேன். மேலதிகாரி நோட்டிலிருந்து முந்தைய மாத அளவைப் படித்தார். என் கையில் இருந்தது அதைவிடக் குறைவு. அவிழ்த்து மறுபடி சுற்றினேன். மூன்றாம் முறையும் அதேதான். அடுத்த மரமும் அப்படியே. இளைஞர் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் பழைய காட்டுக்குள் நுழைந்தோம். அந்த நொடியை எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. குளத்துக்குள் மெல்ல இறங்கினாற்போல் குளிர்ச்சி கணுக்காலிலிருந்து ஏறியது. வெளிச்சம் பச்சையாக மாறியது. தலைக்கு மேலே வெகு உயரத்தில் பெருமரங்கள், அவற்றின் நிழலில் நடுத்தர மரங்கள், அவற்றின் நிழலில் கன்றுகள் என்று காடு அடுக்கடுக்காகத் தன்னையே மூடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, இங்கே ஒரு பாசி இன்னும் ஈரமாக இருந்தது. சில்வண்டுகளின் ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் நிறைந்திருந்தது. நான் எதற்காக வந்தேன் என்பதே சற்று நேரம் நினைவில் இல்லை. அங்கிருந்த மரங்களை அளந்தேன். அநேகமாக எதுவும் குறையவில்லை.

மேலதிகாரி ஒரு வேரின்மேல் உட்கார்ந்து விளக்கினார். மரம் தன் உடம்பில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். மழை பொய்த்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து இளைக்கும். வெயில் நேராக விழும் இடத்தில் அந்தச் செலவு அதிகம், அடுக்கு நிழலில் குறைவு. இதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தாராம். பொய் என்று நான் காட்டிக் கொடுத்த பக்கம்தான் அவருக்குக் கிடைத்த பதில்.

திரும்பும் வழியில், மன்னித்துவிடு தம்பி என்றேன்.

"மரம் இளைக்கும்னு எனக்கும் தெரியாதுக்கா," என்றார். "பழைய நம்பரையே எழுதிடலாமான்னுகூட நெனச்சேன். யாரும் நம்பமாட்டாங்கன்னு பயம்லா. ஆனா டேப் காட்டுனது அதுதானே."

மதியமே கிளம்பிவிடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். வெயில் ஏற ஏற மரத்தின் அளவும் கொஞ்சம் மாறும் என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொரு மாதமும் வெயில் ஏறுமுன், ஒரே நேரத்தில் அளக்கத் தொடங்குவாராம். அதற்காகப் பாகானிலிருந்து முதல் ஃபெர்ரியைப் பிடிப்பாராம். நாங்கள் அலுவலகம் திறக்கும்போது அவருடைய வேலையில் பாதி முடிந்திருக்கும்.

அவர் வேலை நீடித்தது. சில வாரங்களில் மழையும் வந்தது. நானே கேட்டு மறுபடி அவரோடு மலை ஏறினேன். திறந்த இடத்தில் இரண்டு மரங்கள் பட்டுப்போயிருந்தன. மற்றவை தண்ணீரைக் குடித்து மீண்டும் பருத்திருந்தன. என் கையிலிருந்த டேப்பில் அந்த அளவைப் இரண்டு முறை படித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு எத்தனையோ பேரைப் பற்றி, எத்தனையோ விஷயங்களைப் பற்றி 'அப்படி இருக்கவே முடியாது' என்று சொல்ல வாய் திறந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்பதும் அது நடக்காது என்பதும் ஒன்றல்ல என்று, அந்தப் பச்சை வெளிச்சம் ஒவ்வொரு முறையும் என்னைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது.