தொட்டியில் வைத்த ஆலங்கன்று

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டாபிராமில் எங்கள் மகள் மஞ்சள் காமாலையில் இறந்து மூன்று மாதமாகியிருந்தது. அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் என் கணவர், மரத்தைத் தொட்டியிலேயே குட்டையாக வளர்க்கும் போன்சாய்க்காக நட்டிருந்த ஆலங்கன்றை எடுத்து, வேரையும் கிளையையும் கத்தரித்துக்கொண்டிருப்பார். வளர்கிற உயிரை வெட்டுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அதைப் பிடுங்கி ரயில் பாதையோரம் எறிந்துவிட்டேன்.

அன்று வந்தவர் வெறும் தொட்டியைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“பாப்பாவுக்கு டெய்லி சடை பின்னி உடுவேன். இப்போ ஊட்டுக்கு வந்தா கை சும்மா கீது. அதான்,” என்றார்.

மறுநாள் தேடிப் போனேன். கன்று காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வேறொன்று கொண்டுவந்தார். அவர் வேரை வெட்டி முடிக்கும்வரை நான் கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் போனதிலிருந்து வராத அழுகை அப்போதும் எனக்கு வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார மட்டும் முடிந்தது.