சூரியன் மேல் பழி

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டுக்குள் ஆள் அலறினாலும் பதறமாட்டார். "மொதல்ல பிளக்கப் பாருங்க" என்பார். அந்த உபதேசம் ஊருக்கு மட்டும்தான்.

வீட்டில் அவருக்கு, கடல் தாண்டியும் ஆட்களோடு பேசவிடும் அமெச்சூர் ரேடியோ பைத்தியம். செட்டு இரண்டு. ஒன்று வால்வு போட்ட கிழடு. சூடேறி அது வாய் திறப்பதற்குள் நமக்குப் பசி வந்துவிடும். இன்னொன்று புதுசு, உள்ளங்கை அகலம்தான், திரையில் கலர் கலராகக் கோடு ஓடும். புதுசைத் துடைப்பார், கிழட்டோடு பேசுவார். "மெதுவா சூடாகுடா ராஜா." அந்தக் குரலில் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் வைத்த பெயர் வாலு.

ஞாயிறு மாலையானால் கடல் தாண்டி இருக்கும் ஒரு சைக்கிள் கடைக்காரரோடு ரேடியோவிலேயே தந்தி அடிப்பார்; வாய்ப்பேச்சு கிடையாது, தந்திக்கட்டையில் டிக் டிக்கென்று தட்டல்தான். இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சிநேகம். பேச்சு இரண்டே விஷயம்: உங்கள் சத்தம் நன்றாகக் கேட்கிறது, இங்கே வெயில். போன வாரம்தான் மூன்றாவதாக ஒன்று வந்தது. கடைக்காரர் தன் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே ஏரியல் கட்ட விடமாட்டார்களாம். ஆக, இந்த ஞாயிறே கடைசி.

"போன்ல பேசிக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"போன்ல என்னத்தப் பேசுறது?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு பார்த்துக் கிழடு உஸ் என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா வால்வு மாற்றினார். புதுசைப் போட்டார், அதுவும் ஊமை. மறுபடி கிழட்டுக்கே திருப்பினார்.

"ரெண்டும் ஒண்ணா படுக்காது. சூரியன்லதான் கோளாறு. அது சீறி, ரேடியோ அலை போற வானத்தையே அடைச்சிருச்சு."

"அது பாட்டுக்கு அங்க இருக்கு. அத ஏங்க வம்புக்கு இழுக்குறீங்க?"

ஏரியலைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஓடினார். நான் மேஜைக்கடியில் குனிந்தேன். முந்தின நாள் இடி இடித்திருந்தது. இடி என்றால் அப்பா ஏரியல் ஒயரைக் கழற்றி, முனையை ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் போட்டுவிடுவார். மின்னல் செட்டைத் தொடாதாம். இரண்டு செட்டுக்கும் சேர்த்து இருக்கும் அந்த ஒரே ஒயர், பாட்டிலுக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வேறு நாளாக இருந்தால் பாட்டிலைத் தட்டில் வைத்து நீட்டியிருப்பேன். ஒரு மாதம் சொல்லிச் சொல்லியே சாகடித்திருப்பேன். அன்று பேசாமல் திருகி மாட்டினேன். கிழடு இருமியது. பின்னாலேயே கடைக்காரரின் தந்தி, அப்பாவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டு.

"அப்பா, சூரியன் சரியாயிடுச்சு" என்று மாடிப்பக்கம் குரல் கொடுத்தேன்.

ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்தார். தட்டினார், கேட்டார், தட்டினார். எல்லாம் முடிந்த பிறகும் விரல் தந்திக்கட்டையைவிட்டு வரவில்லை.

"என்னங்க சொன்னாரு?"

"அங்க மழையாம்."

"இத்தன வருஷம் பழகிட்டு, கடைசியா மழையா?"

"நான் இங்க வெயில்னு சொன்னேன்."

அம்மா எழுந்து போய்விட்டாள். அப்பாவின் கண் மேஜைக்கடியில் காலிப் பாட்டிலைப் பார்த்தது. அப்புறம் என்னை.

"சூரியனுக்குக் கொஞ்சம் நல்ல மனசுதான்" என்றார். ஏதோ யோசித்தார். "ஏ வாலு, போன்ல வாயத் தொறந்துதான் பேசணுமா? தட்டினாக் கேக்காதா?"

ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டேன். மறு கையால் என் போனை எடுத்துக் கொடுத்தேன்.