லமாரா கேட்ட பம்பு

லமாரா வீடு வீடாகப் போய் மின்மீட்டர் கணக்கெடுப்பவள். கோரி நகருக்கு வடக்கே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் ஒற்றை விளக்கோடு ஒடுங்கிக் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

2008 ஆகஸ்டில் போர் வந்தது. சில நாட்களில் போயும் விட்டது. போகிற போக்கில் தோட்டத்துப் பம்பறையை எரித்துவிட்டது. அந்த வருஷத்து ஆப்பிள் பறிக்க ஆளில்லாமல் மரத்தடியிலேயே அழுகியது. பனி விழத் தொடங்கியபோது, தலைநகர் திபிலிசியில் கட்டட வேலை பார்த்துவந்த அவள் கணவன் உஷாங்கி மூட்டையோடு வந்து நின்றான். வங்கிகள் கையை விரித்துவிட்டன, கட்டடம் பாதியில் நிற்கிறது என்றான்.

மறு வசந்தத்தில் ஒரு செய்தி வந்தது. இந்த நேரத்தில் செலவைக் குறைத்தால் நாடே படுத்துவிடும், கடன் வாங்கியாவது வேலை கொடுப்போம் என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. ஊருக்கு ஒரு தொகை. அதில் என்ன செய்வதென்று ஊரே தீர்மானிக்கலாம், கூலியும் ஊராருக்கே.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய தோட்டக்காரரான ஒத்தார், கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் கட்டலாம் என்றார். ஆண்கள் தலையாட்டினார்கள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத லமாரா எழுந்தாள்.

"சுவர் நல்லதுதான் ஒத்தார் அண்ணே. ஆனா மரம் இன்னொரு கோடைய தாங்காது. மொதல்ல பம்ப சரி பண்ணுவோம்."

"மறுபடி வந்து கொளுத்திட்டா?" என்றார் ஒத்தார்.

"கொளுத்தினா மறுபடி கட்டுவோம். அதுக்காக இப்பவே இருட்டுல உக்காரணுமா? உங்க வீட்டு மீட்டர் ரெண்டு மாசமா நகரவே இல்லியே."

கூட்டம் சிரித்தது. ஒத்தாரின் முகம் சிவந்தது. பெண்கள் எல்லோரும் கை தூக்கியதில் பம்பு ஜெயித்தது. ஆனால் லமாராவுக்கு மனசு உறுத்தியது. ஒருவர் வீட்டுக் கஷ்டத்தை ஊர் நடுவில் போட்டு உடைத்துவிட்டோமே என்று மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

"நீ பொய்யா சொன்ன? உள்ள வாம்மா, கச்சாப்புரி ரொட்டி சூடா இருக்கு" என்றார் அவர்.

குழாய் புதைக்கப் பள்ளம் தோண்டியவர்களில் உஷாங்கியும் ஒருவன். குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதன், அழுக்குக் கையோடு வந்து பசிக்கிறது என்று கேட்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. கூலி மூன்று வாரம் தாமதமாக வந்தாலும் முழுசாக வந்தது. ஜூனில் தண்ணீர் பாய்ந்தது.

அந்த வருஷ விளைச்சல் அமோகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்கு இருந்தது. பறிப்பு நடக்கும்போது திபிலிசியிலிருந்து பழைய மேஸ்திரி உஷாங்கியை வேலைக்குக் கூப்பிட்டார். ஏணியில் நின்றபடியே போனில் பேசினான்.

"இங்க வேலை நெறைய கெடக்கு. முடிஞ்சா பனிக்காலத்துல வர்றேன்" என்றான்.

கீழே கூடையைப் பிடித்துக்கொண்டிருந்த லமாரா, சீக்கிரம் பறி என்று அதட்டினாள்.