சுவருக்கு அப்பாலிருந்து வந்த சங்கிலி

நானே கண்டவற்றையும், பின்னாளில் அம்மா உறுதிப்படுத்தியவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் இன்று இல்லை. அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டின் குறுக்கே பாகச்சுவர் எழுந்தபின் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. மிதிவண்டிச் சங்கிலியின் ஆணியைத் திருகித் தள்ளும் கைக்கருவி ஒன்று மட்டும் பாகம் பிரிக்க இயலாமல் அப்பாவிடம் தங்கிவிட்டது. சித்தப்பாவோ நாள்தோறும் பாபநாசத்துக்கு மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவர். சங்கிலி தளர்ந்தால் அதைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்புவார். அப்பா மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கி, தேய்ந்த கண்ணியை நீக்கிக் கோத்துத் தருவார். அண்ணன் தம்பிக்கு இடையே போய்வந்தது அது ஒன்றுதான்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், அறுந்துவிட்டதென்று சொல்லிச் சங்கிலி வந்தது. அறுந்த சங்கிலியில் தகடு பிளந்திருக்கும் என்று அப்பா முன்பே எனக்குக் காட்டியிருந்தார். இதில் தகடு பழுதின்றி இருந்தது. ஆணி மட்டும் பாதி வெளியேறித் தொங்கியது. அதன் தலையில் சுத்தியல் அடித்த புதுத்தழும்பு.

"இது அறலையேப்பா. யாரோ தட்டிக் கழத்தியிருக்காவ."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா போயிக் குடுத்துட்டு வா."

பத்து நிமிட வேலையை அன்று அவர் உச்சிப்பொழுதுவரை செய்தார்.

சித்தப்பாவிடம் கொண்டுபோனபோது சித்தியும் உடன் நின்றார். கண்டுபிடித்த பெருமை எனக்கு, சங்கிலி அறவில்லை, யாரோ தட்டியது என்று சொல்லிவிட்டேன். சித்தி சிரித்தார்.

"அதான பாத்தேன். ஒங்க அண்ணன் கைபட்டாத்தான் வண்டி ஓடுமோ? இதுக்கு நேராப் போயிக் கால்லயே விழுந்திருக்கலாம்லா."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போ, ஏட்டி," என்றார், பைய.

அதன்பின் சங்கிலி வரவில்லை. சித்தப்பா கடைத்தெருவில் பழுதுபார்த்துக்கொண்டார். அப்பா சில ஞாயிறுகள் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "அங்கன போனியா?" என்று என்னைக் கேட்டார். நான் விளையாடப் போனதைக் கேட்கிறார் என்றே எண்ணினேன். பொய் வெளிப்பட்ட வெட்கத்தால்தான் சித்தப்பா கடைக்குப் போகிறார் என்றும் எண்ணினேன்.

அந்த ஆணியைத் தட்டியவர் சித்தப்பாதானா என்பது எனக்குத் தெரியாது. அதற்கு முன் வந்த சங்கிலிகளில் எத்தனை உண்மையிலேயே பழுதானவை என்பதும் தெரியாது.