லைட்டக்காவின் இருட்டு

"நாம யாரையுமே கூப்பிடாம இருந்திருந்தா, அந்த மைதானம் நமக்கு இருந்திருக்கும் இல்ல?"

மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா இதை என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று சொன்னால், இத்தனை வருஷம் அவள் செய்ததெல்லாம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாக ஆகிவிடும். இல்லை என்று சொன்னால், அது பாதிப் பொய் என்று இரண்டு பேருக்குமே தெரியும். செருப்புக்குள் கல் புகுந்ததுபோலக் குனிந்து நின்றுகொண்டேன். அவள் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தாள்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருக்கிறேன். ஓர் இடத்தில் உட்காரமாட்டேன் என்று அம்மா சொல்வாள். ஆனால் இதை எழுதி முடிக்கும்வரை உட்காருவது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

அக்கா நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். வண்டியின் முதுகில் நீளமான இரும்புக் கை ஒன்று இருக்கும். அதன் நுனியில் ஒரு தொட்டி. அக்கா அதில் நின்று மேலே போய், எரியாத விளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவாள். அந்தப் பிரிவில் மேலே ஏறுகிற ஒரே பெண் அவள்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. பெரியவர்கள் முதல் சின்னப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவள் லைட்டக்கா.

ஒருநாள் சாயங்காலம், ஊரின் கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் அவள் இருந்தபோது, அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கீழே இறக்கு என்று சொல்லவே அவள் மறந்துபோனாள். வண்டி டிரைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேலேயே குடித்தனம் போட்டுட்டியா என்று கத்தினாராம். தலைக்கு மேல் இவ்வளவு நட்சத்திரம் இருக்கிறது என்று அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாள். ஏதோ ஏமாற்றப்பட்டவள்போல அதைச் சொன்னாள். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

அம்மாவின் மருந்துச் சீட்டோடு போன இடத்தில்தான் மருந்துக்கடை அண்ணன் அறிமுகமானார். கடையின் பின் அறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, அவர் ஆசையாக வாங்கிய டெலஸ்கோப் ஒன்று துணி போர்த்தி நின்றது. கடைத்தெரு வெளிச்சத்தில் நிலாவையும் சனியையும் தவிர அதில் எதுவும் தெரிந்ததில்லை. அவரிடம் டெலஸ்கோப் இருந்தது. அக்காவிடம் இருட்டு இருந்தது. கடைசி நிறுத்தத்தின் பின்னால் இருந்த வெற்று மைதானத்துக்கு நாலே நாலு விளக்குகள்தான். நாலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் பெட்டி. அந்தப் பெட்டியின் சாவி அக்காவின் இடுப்பில் தொங்கியது.

வானம் பார்க்கக் கூட்டம் கூடுகிற சாயங்காலங்களில் அக்கா அந்த நாலு விளக்குகளையும் அணைத்துவிடுவாள். காரணம் கேட்டால், பராமரிப்பு. அவளுடைய சூப்பர்வைசருக்கு விஷயம் தெரியும். இந்த ஊரிலேயே ரொம்ப நல்லாப் பராமரிக்கப்படுற விளக்கு அந்த நாலும்தான் என்று சிரிக்காமல் சொல்வார்.

முதலில் வந்தது ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற கூட்டம். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் எங்களுக்கு வானம் பார்த்த கூட்டம் என்று பெயர் வைத்தார். மழைக்குத் தவம் கிடக்கிற பூமியைப்போல நாங்களும் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறோமாம். பிறகு அவரே கடையை மூடிவிட்டு வந்து உட்கார ஆரம்பித்தார். தையல்காரர் வந்தார். வேலை முடிந்த நர்சுகள் சீருடையோடு வந்தார்கள். நான் என் வகுப்பையே இழுத்து வந்தேன். பஸ் ஏறி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் ஊரில் ஆள் சேர்த்தார்கள். உங்க பக்கம் மேகமா, எங்க பக்கம் தெளிவா இருக்கு என்று ஊருக்கு ஊர் போன் பறந்தது. அக்காவின் போன் சாப்பிடும்போதும் அடித்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுச் சம்பளம் வாங்குறவ, சாயங்காலம் ஆனா இருட்டைத் தேடி ஓடுறாளே என்றாள்.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது சனிக்கிரகத்தைத்தான். அக்கா அதைக் கடைசியில்தான் காட்டுவாள். முதலில் எல்லோரையும் தார்ப்பாய் விரித்து உட்கார வைப்பாள். போனைப் பைக்குள் போடச் சொல்வாள். டார்ச் வைத்திருந்தால் அதன் வாயில் சிவப்புக் காகிதம் சுற்றச் சொல்வாள். கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, டெலஸ்கோப் இல்லாமலே, ஒரு மூலையைக் காட்டுவாள். அங்கே புகைபோல ஒரு திட்டு இருக்கும். நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளி, கண்டும் காணாததுபோலப் பார்த்தால்தான் தெரியும். அது நம் பால்வெளியைப்போல இன்னொரு பெரிய நட்சத்திரக் கூட்டம் என்றும், மனுஷனே பிறக்காத காலத்தில் அங்கிருந்து கிளம்பின வெளிச்சம் இப்போதுதான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது என்றும் சொல்வாள். ஓரக்கண்ணால பார்க்கிறதுக்கு அனுமதி குடுக்கிற ஒரே இடம் இதுதான்பா என்பார் தையல்காரர். ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

அக்காவுக்கு எல்லாமே அந்தத் திட்டுதான். சனி எந்தத் தெருவில் நின்றாலும் தெரியும். அந்தத் திட்டு தெரிய, இந்த இருட்டு வேண்டும். பஸ்ஸில் வந்துபோகக்கூடிய தூரத்தில் வேறு இருட்டு இல்லை.

போன வருஷம் ஒரு பேச்சு கிளம்பியது. மைதானத்தை லாரி நிறுத்தும் இடமாக மாற்றப் போகிறார்களாம். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். எங்கள் வார்டு கவுன்சிலரை ஒரு சாயங்காலம் அழைப்போம். ஒரு தடவை பார்த்தால் அவரே விடமாட்டார். யாரை அழைத்தாலும் அடுத்த தடவை அவர்கள் இன்னொருவரைக் கூட்டி வந்ததைத்தான் அவள் இத்தனை நாளும் பார்த்திருந்தாள். அதனால் அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எங்களில் யாருக்கும் வரவில்லை.

அழைக்கப் போனபோது கவுன்சிலர் விழுந்து விழுந்து சிரித்தார். "சனி பிடிக்காம இருக்கணும்னு அவனவன் ஓடுறான். நீ என்னடான்னா வலியப் போய்ப் பார்க்கச் சொல்றியேம்மா," என்றார். ஆனால் வருகிறேன் என்றார், சொன்னபடி வந்தார். காரிலிருந்து இறங்கி வரும்போது கல் தடுக்கி விழப் பார்த்தார். கூட வந்தவர் போன் வெளிச்சத்தைப் பளிச்சென்று அடித்ததில், பழக்கி வைத்திருந்த அத்தனை பேர் கண்ணும் பாழாயிற்று. யாரும் முகம் சுளிக்கவில்லை. கவுன்சிலர் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து, வளையத்தோட சனிப் படம் ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டி வச்சிருக்கீங்களா என்று கேட்டார். இல்லை என்று மருந்துக்கடை அண்ணன் குழாயை லேசாக ஆட்டிக் காட்டினார். மறுபடி பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "எங்க அப்பா பார்க்காமப் போயிட்டாரே," என்றார்.

அவர் நல்லவர். இதை நான் கட்டாயம் சொல்லியாக வேண்டும். லாரிப் பேச்சை அவரே நின்று முறியடித்தார். மைதானம் வானம் பார்க்கிறவர்களுக்கே என்று மன்றத்தில் பேசினார். அன்றைக்கு அக்கா என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். அம்மாவே சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டார். மைதானத்தின் நடுவில் உயர்கோபுர விளக்கு ஒன்று வரப் போகிறது, மின் இணைப்பு உன் வேலை என்றார். கவுன்சிலர் தன் நிதியிலிருந்து தருகிறார். பாவம், இவ்வளவு பேர் இருட்டில் தட்டுத் தடுமாறி உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவருக்கு மனது கேட்கவில்லையாம்.

அக்காவும் மருந்துக்கடை அண்ணனும் அவரைப் பார்க்க ஓடினார்கள். நானும் போனேன். அக்கா தன்னால் முடிந்த அளவு விளக்கினாள். கவுன்சிலர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இருட்டா இருந்தாத்தான் தெரியும்ங்கறே. அன்னைக்கு நான் பார்த்தது குழாய்க்குள்ளதானே? வெளியில லைட் இருந்தா அதுக்கு என்ன?"

"சனி தெரியும் சார். மத்ததெல்லாம் போயிடும்."

"பொம்பளைப் பிள்ளைங்க வர்ற இடம்மா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

நியாயமான கேள்வி. விளக்கின் மேலே மூடி போட்டு வெளிச்சம் தரையில் மட்டும் விழுகிற மாதிரி வைக்கலாமா என்று அக்கா கேட்டாள். வாங்கியாகிவிட்டது என்றார். கூட்டம் நடக்கிற சாயங்காலம் மட்டும் அணைக்கலாமா என்றாள். அணைக்கிறதுக்கா வாங்கினோம் என்றார். பிறகு, எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூடுதலாகப் போடச் சொல்கிறேன் என்றார். கிண்டல் இல்லை. மனதார உதவுகிறார். சண்டை போடுகிறவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மேலதிகாரிகளுக்கு எழுதலாம் என்று அண்ணன் சொன்னார். சூப்பர்வைசர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு வேண்டாம் என்றார். எழுதினால், இத்தனை வருஷம் அந்த நாலு விளக்கையும் எதற்கு அணைத்தாய் என்ற கேள்விதான் முதலில் வரும். அவருக்கும் பிள்ளை குட்டிகள் இருக்கிறார்கள். அக்கா எழுதவில்லை.

கம்பம் வந்து படுத்தது. பிறகு எழுந்து நின்றது. அக்கா குழிக்குள் இறங்கி வயரை இணைத்தாள். பாதி மனதோடு அவள் எந்த இணைப்பையும் கொடுத்ததில்லை. இதையும் அப்படிக் கொடுக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு அக்கம்பக்கத்து ஊர்க் குழுக்களும் வந்தன. அவ்வளவு பெரிய கூட்டம் எங்களுக்கு அதுவரை கூடியதே இல்லை. நம்ம லைட்டக்காவே சுவிட்சைப் போடட்டும் என்று கவுன்சிலர் மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். அக்கா போய் நின்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, மேலே ஒருதரம் பார்த்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

தரையில் ஒவ்வொரு புல்லுக்கும் நிழல் விழுந்தது. மறுபடியும் கை தட்டல். கவுன்சிலர் அக்காவுக்குச் சால்வை போர்த்தினார். அவள் நன்றி சார் என்றாள். அப்போது அவள் கழுத்து லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு மட்டும் அந்தச் சாய்வு தெரியும். ஓரக்கண்ணால் அந்தத் திட்டைத் தேடுகிறாள். கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி. பிறகு கழுத்தை நேராக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அதற்குப் பிறகும் கூட்டம் கொஞ்ச நாள் நடந்தது. சனியைப் பார்த்தார்கள், நிலாவைப் பார்த்தார்கள், அதான் எல்லாம் தெரியுதே என்று புதியவர்கள் சொன்னார்கள். தையல்காரருக்குச் சொல்ல ஜோக் இல்லை. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். விழாப் படத்தைப் பார்த்த பக்கத்து ஊர் நகராட்சியும், தங்கள் ஊர்க் குழுவுக்கு அதேபோல ஒன்றை நட்டுக் கொடுத்தது. அந்த ஊர்க்காரர் அதை அக்காவிடம் போனில் சொன்னார். டெலஸ்கோப் பழையபடி இருமல் மருந்துக்கு நடுவே நிற்கிறது.

மைதானம் மட்டும் நிறைந்து கிடக்கிறது. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். பயந்து வீட்டுக்குள் இருந்த பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும். இனி அந்த விளக்கை அணையுங்கள் என்று யாரால் கேட்க முடியும்?

அக்கா தொட்டியில் ஏறுவதை விட்டுவிட்டாள். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு புகார்ப் பிரிவுக்குப் போய்விட்டாள். எங்கள் தெருவில் லைட் எரியவில்லை என்று ஆட்கள் போன் செய்வார்கள். சீக்கிரம் போட்டுடறோம் என்று அவள் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் சொல்கிறாளாம். வீட்டுக்கு வந்தால் துணி எடுக்கக்கூட மொட்டை மாடிக்குப் போவதில்லை. நான்தான் போய் எடுத்து வருகிறேன். அம்மா இப்போது அவளை எதுவும் சொல்வதில்லை. ஒருநாள், உன் கூட்டத்துக்குப் போகலையாடி என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். எந்தக் கூட்டம் என்று அக்கா கேட்டாள்.

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆட்களைக் கூப்பிட்டது தப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை. நாங்கள் கூப்பிட்டவர்களில் ஒருவருக்கு, விளக்கைத் தரையைப் பார்த்து வைத்தாலும் நடக்கிறவர்களுக்குப் போதும் என்பது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றுகிறது. எங்கள் மைதானத்துக்கு அது இனி உதவாது.

உங்கள் ஊரில் ஒரு விளக்கு எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஒருவர் இருப்பார். உங்களுக்குத் தெரிந்தவராகவோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவோ இருப்பார். நல்லவராகவும் இருக்கலாம். அவர் கம்பத்தை வாங்குவதற்கு முன்னால் இந்தக் கதை அவர் காதுக்குப் போய்ச் சேரட்டும். நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.