என் இங்கிலீஷுக்காகத் தறி நிறுத்திய தெரு

கல்லூரி முடித்தவளுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் ஆரணியில் ஒரே பெயர்தான்: "இன்னும் கெடைக்கலையா?" காய்கறிக்காரம்மா முதல் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் வரை என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சாம்பார் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை விசாரிக்கிறவரிடம் என்ன சொல்ல முடியும்? "ஊத்துங்க" என்றுதான் சொல்ல முடியும்.

கடைசியில் கிடைத்தது. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அவர்கள் விற்ற சாஃப்ட்வேரில் கோளாறு என்றால் வாங்கினவர்கள் கூப்பிடுவார்கள், நாங்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே வேலை. அதற்குள் அவர்களுக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் டாட்டா. இந்த இரண்டாவது பாதியை அம்மா காதிலேயே வாங்கவில்லை. லேப்டாப் கூரியரில் வந்த அன்றைக்கே தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள்.

"நிரந்தரம் ஆவட்டும்மா, அப்புறம் குடுக்கலாம்" என்றேன்.

"லட்டுக்கு எதுக்குடி நிரந்தரம்?" என்றாள்.

வேலை போனால் தின்ற லட்டையா திருப்பிக் கேட்க முடியும்? லட்டை விடுங்கள், அந்த வேலை எனக்கு வேண்டும். எத்தனை இண்டர்வியூவில் "சொல்லி அனுப்பறோம்" என்று அனுப்பி வைத்திருக்கிறார்கள். இதையும் விட்டால் மறுபடி அந்த சாம்பார் வாளிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

தொல்லை என்னவென்றால், தறி. அப்பா காலையிலேயே பவர்லூம் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் பட்டு நெய்கிறவள் அம்மா. கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் பீரோ, டிவி, நான். அம்மா மிதித்து அடித்தால் லேப்டாப் வைத்த ஸ்டூலே ஆடும். கம்பெனி கொடுத்த ஹெட்போன் வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாது என்று அட்டைப்பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தது. அந்தப் பெட்டியை அச்சடித்தவர் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை போல. மொட்டை மாடிக்குப் போனால் ஒரு தறிக்குப் பதில் தெருவில் இருக்கிற அத்தனை தறியும் கேட்கும். தேவிகாபுரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சத்தமே இல்லை, அதோடு நெட்டும் இல்லை.

என் டீம் லீடர் சென்னைக்காரர், நல்ல மனுஷன், கொஞ்சம் நக்கல். முதல் வாரமே, "பக்கத்துல வீடு கட்டறாங்களாம்மா?" என்று கேட்டார். நான் "ஆமா"வும் சொல்லவில்லை, "இல்லை"யும் சொல்லவில்லை, ஈ என்று சிரித்து வைத்தேன். அதோடு பிடித்துக்கொண்டார். "எத்தனாவது மாடி போய்க்கினு இருக்குது?", "லிஃப்ட் வெச்சிட்டாங்களா?" என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் விசாரிப்பு. இரண்டு மாதத்தில் எங்கள் பக்கத்து வீடு ஆரணியிலேயே உயரமான கட்டடம் ஆகிவிட்டது.

அமாவாசை ஒன்றுதான் எனக்கு விமோசனம். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் எங்களுக்கு அமாவாசை. அன்றைக்கு மட்டும் நான் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ராணி மாதிரி பேசுவேன். டீம் லீடரும், "இன்னிக்கு கொத்தனாருக்கு லீவா?" என்பார்.

ஆறாவது மாதம் பரீட்சை வந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் தனியாக ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கிக் காட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து பேசுகிறவர், கோபக்காரர். "அவருக்குத் திருப்தின்னா நீ நிரந்தரம். இல்லன்னா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. தேதிய நீயே சொல்லு" என்றார் டீம் லீடர்.

தேதியை நானே சொல்லலாமா! உடனே போனை எடுத்து அமாவாசை என்றைக்கு என்று பார்த்தேன். கறுப்பு நிலா ஒன்று போட்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லிவிட்டு, ஆஹா, நம்ம மூளையே மூளை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, தறியில உக்காரல?"

"அமாவாசைல எவடி தறியில உக்காருவா?"

"அமாவாசை நாளைக்கும்மா!"

"எந்த ஊர்ல?"

போனைக் காட்டினேன். அம்மா நாள்காட்டியைக் காட்டினாள். போனில் நிலா முழுசாக மறைகிற நேரம் செவ்வாய் விடிகாலை. அதோடு திதியே முடிந்துவிடும், அதனால் எங்களுக்குத் திங்கட்கிழமையே அமாவாசை. இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. பிறந்ததிலிருந்து சுவரில் தொங்குகிற காலண்டரை விட்டுவிட்டு, நெசவுக்காரி மகள் போனில் அமாவாசை பார்த்தேன் பாருங்கள்! அழுகை வந்துவிட்டது. தேதியை மாற்ற முடியாது. செவ்வாய்க்கிழமை என்றால் ஒரு நாள் ஓய்வெடுத்த தெம்பில் தெருவே போட்டு அடிக்கும்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அமாவாசைய போன்ல பாத்தாளாம்! படிச்சவன்னா படிச்சவதான்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "பேஜார் பண்ணாத. மூஞ்சியக் கழுவு. நான் பாத்துக்கறேன்."

சாயந்திரம் தெருமுனை அம்மன் கோயிலில் அவள் பார்த்துக்கொண்ட விதம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "பாப்பா நாளைக்குக் காலைல அமெரிக்காக்காரன் கூட பேசப் போறா. ஒரு மணி நேரம் தறிய நிறுத்தினீங்கன்னா அவ வேலை கெட்டியாயிடும்" என்று சொல்லியிருக்கிறாள். அதுவரை சரி. "முழுசும் இங்கிலீஷ்தான்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறாள். அங்கேதான் வந்தது வினை.

செவ்வாய்க்கிழமை மீட்டிங் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருக்கோடி வரைக்கும் நின்றன. என் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஜனங்களா என்று நெகிழ்ந்துபோய் ஜன்னலைப் பார்த்தால், ஜன்னல் நிறையத் தலைகள். எதிர் வீட்டு அத்தை முந்தானையில் வேர்க்கடலையோடு வந்து வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதற்குத்தான் நிறுத்தினார்களா! போகச் சொல்லவும் வழியில்லை, அதற்குள் அமெரிக்காக்காரர் வந்துவிட்டார்.

விளக்குவதை நன்றாகத்தான் விளக்கினேன். ஆனால் அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். போன மாதம் இரண்டு நாள் அவர்களுக்கு எதுவும் திறக்கவில்லையாம். உண்மையில் அது அவர்கள் பக்கத்து ஆட்கள் செய்த குளறுபடி, அவர்களே எழுதிக் கொடுத்த ஆதாரம் எங்களிடம் இருக்கிறது. நான் அதைச் சொன்னேனா? "எஸ் சார்" என்றேன். "ஷ்யூர் சார்" என்றேன். அவர் குரலை உயர்த்த உயர்த்த எனக்கு முதுகு வளைந்துகொண்டே போனது. "மை மிஸ்டேக் சார், மை மிஸ்டேக்" என்று லேப்டாப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கடைசியில் அவர் சாந்தமாகி, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் டீம் லீடரிடமிருந்து செய்தி வந்தது. "ரொம்ப மரியாதையான பொண்ணுன்னு சொல்லிட்டாரு. நீ நிரந்தரம்!"

கத்தினேன். ஜன்னலெல்லாம் கை தட்டியது. எதிர் வீட்டு அத்தை, "இன்னா சரளமா பேசறா!" என்று நெட்டி முறித்தார். அம்மா மட்டும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மிஸ்டேக்கு உன்துதா?" என்றாள்.

"இல்லம்மா. அவங்க ஆளுங்க பண்ணது."

"அப்புறம் ஏண்டி ஒத்துகினே?"

"அப்படித்தாம்மா பேசணும். பெரிய பார்ட்டி."

"அட! நானும் அப்படித்தான்டி" என்றாள் அம்மா, ஏதோ சொந்தக்காரியைக் கண்டுபிடித்த மாதிரி. "பொடவய எடுத்துகினு கடைக்குப் போனா, முதலாளி லைட்டு போட்டு விரிச்சுப் பாப்பாரு. சாயம் போட்டவன் பண்ண தப்புக்கும் மிஸ்டேக்கு மிஸ்டேக்குன்னு என்னைத்தான் பேசுவாரு. நானும் சரிங்க, சரிங்கன்னு நின்னுட்டு வந்துடுவேன். நான் தமிழ்ல சொல்றத இங்கிலீஷ்ல சொல்றதுக்காடி உன்னை அவ்ளோ படிக்க வெச்சேன்?"

தெரு சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நான்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு வாளி நிறைகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அம்மா மேல் அப்படி ஒரு கோபம். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அந்தக் கோபம் போகவே இல்லை.

அடுத்த வாரம் அதே ஆள் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை தெரு நிற்கவில்லை, எல்லாத் தறியும் ஓடுகிறது. அவர் வேறு ஒரு புகாரோடு ஆரம்பித்தார். அதுவும் எங்கள் பக்கத்துக் கோளாறு இல்லை. பதில் சொல்ல மைக்கைத் திறந்தேன். வாயில் "எஸ் சார்" வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டுத் தறி மட்டும் நின்றது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு இழையைச் சரிபார்க்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தாள்.

"இது எங்க தப்பு இல்ல. உங்க டீம் மாத்தின செட்டிங்னால வந்தது. யாரைக் கேக்கணும்னு சொல்றேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். இலக்கணம் எப்படி வந்ததோ தெரியாது. போச்சு, வேலை போச்சு, லட்டு போச்சு என்று நினைத்தேன்.

"ஓகே" என்றார் அவர். "சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அம்மா நாடாவை வீசினாள். தறி டக்கு டக்கு என்று ஓட ஆரம்பித்தது. நான் மைக்கை மூடாமல் மேலே சொல்லிக்கொண்டு போனேன்.