அப்பா உள்ளே வந்த வெள்ளிக்கிழமை

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வீடு வெறித்துக் கிடக்கிறது. வெள்ளவத்தைக் கோயிலுக்குள் அப்பா முதன்முறையாகக் கால் வைத்த மாலையைப் பற்றி இனி என்னோடு கதைக்க எவருமில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

அப்பா பம்பலப்பிட்டியில் பௌதிகம் கற்பித்தவர். கடவுளை மறுத்தார் என்று சொல்வது சரியாகாது; அந்த விடயத்துக்கு அவர் நேரமே ஒதுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவையும் என்னையும் கோயில்வரை கூட்டி வந்து, வாசலில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பார்.

“உள்ளுக்கு இருக்கிறவர் தன்னைத் தானே பாப்பார். செருப்பைப் பாக்கத்தான் ஆளில்லை” என்பார்.

“ஓம், ஓம். உங்களுக்கு முதல் உங்கட செருப்பு மோட்சம் போகும்” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போவார்.

நான் பிறந்தபோது மாமா என் சாதகத்தை எழுதுவித்துக் கொண்டுவந்தாராம். “தாதி தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து எழுதின நேரம் இது. இதை வைச்சு வியாழனை எப்பிடி அசைப்பியள்?” என்று அப்பா கேட்டதில், மாமா பல மாதங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சாதகத்தை அம்மா அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்கு வயிற்றில் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தவர்கள், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண்டு மறுபடி தைத்து அனுப்பினார்கள். பெரியவர்கள் அதை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதால், சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, இனிச் சுகம் வரவேண்டியதுதான் என்று நான் நம்பியிருந்தேன். சுகமோ வருவதாகத் தெரியவில்லை. அவர் சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போவதை நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், “இண்டைக்கு நானும் உள்ளுக்கு வாறன்” என்றார்.

அம்மா பூக்கூடையைக் கீழே வைத்தார். “பயமா இருக்கோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பயம் வயித்தை வெட்ட முன்னமே வந்திட்டுது. இது வேற.” அப்பா கதிரையில் சாய்ந்துகொண்டார். “ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் கிழவர் பொழுதுபட்டால் தேவாரம் பாடுவார். கரைச்சலாக் கிடக்கெண்டு நேர்ஸிட்ட முறையிட்டனான். அவர் வீட்ட போன அண்டைக்கு வார்ட்டில சத்தமே இல்லை. சின்ன வயசில பாடமாக்கினதை நானே முணுமுணுத்தன். ஆரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அதுக்கு மேல எனக்கு ஒண்டும் தெரியாது.”

ஆய்வுகூடத்தில் ஒரு பெறுபேற்றை அறிவிக்கும் குரல் அது. அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அம்மா வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

மேற்சட்டையோடு ஆண்கள் அந்தக் கோயிலுக்குள் போவதில்லை. வாசலில் அப்பா சட்டையைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டார். நெஞ்செலும்புகள் தெரிந்தன, நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டித் தையல் தழும்பு இறங்கியது. அவர் அதைச் சட்டையால் மூடவில்லை. போரிலிருந்து மீண்டவரை அழைத்து வருபவனைப்போல நான் நிமிர்ந்து நடந்தேன்.

உள்ளே, அவருடைய மாணவன் ஒருவனின் தகப்பன் எதிர்ப்பட்டார். “என்ன மாஸ்டர், வழி தவறிட்டியளோ?”

“இல்லை. இவ்வளவு காலமும் வாசலில நிண்டு கால் நோகுது” என்றார் அப்பா. கேட்டவரே முதலில் சிரித்தார்.

பிறகு அப்பா என் பக்கம் குனிந்து, “எந்தப் பக்கத்தால சுத்துறது?” என்று கேட்டார். பிறர் காதில் விழும் என்று அவர் கூசவில்லை. தெரியாததைத் தெரியாது என்று கேட்கும் அந்த நேர்மையோடுதான் அவர் நம்பிக்கைக்குள்ளும் வந்தார். இன்று எண்ணிப் பார்க்கும்போது துயரத்துக்கு முன்னே எனக்குள் எழுவது பெருமைதான். அன்றோ, அவருக்கு வழி காட்டுவதில் மட்டுமே எனக்குப் பெருமையாக இருந்தது.

என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. வாழ்நாளில் ஒன்றுமே கேட்டிராத மனிதர் ஒரே ஒருமுறை வந்து கேட்டால், சாமி எப்படி மறுப்பார்? அப்பாவின் பெயரில் அர்ச்சனை நடக்கும். அவர் மறுபடி சாப்பிடுவார். தேங்காய்த் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டேன்.

“ஆற்ற பேருக்கு? நட்சத்திரம் என்ன?” என்று ஐயர் கேட்டார்.

அப்பா தயங்காமல் என் பெயரைச் சொன்னார். “பூரட்டாதி. கும்பராசி” என்றார்.

நட்சத்திரங்களை வாயுக்கோளங்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் என் நட்சத்திரத்தை எங்கே பாடமாக்கினார் என்று வியக்கவும் எனக்கு அவகாசமில்லை. ஐயர் திரும்பிவிட்டிருந்தார்.

“ஐயா, எனக்கில்லை! அப்பாக்குத்தான் வருத்தம். அவற்ற பேருக்குச் செய்யுங்கோ!” என்று கத்திவிட்டேன்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் அப்பாவின் தழும்பைப் பார்த்தார். “ரெண்டு பேருக்குமாச் செய்வமே, மாஸ்டர்?”

“வேண்டாம் ஐயா. அவன்ர பேருக்கு மட்டும் செய்யுங்கோ.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் இதைத் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மந்திரங்களுக்கு நடுவே என் பெயர் கேட்டது. அப்பா இரண்டு கைகளையும் கூப்பி, கற்பூரம் அணையும்வரை அசையாமல் நின்றார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. அவ்வளவு அமைதியான முகத்தை அதற்கு முன் அவரிடம் நான் கண்டதில்லை.

வெளியே, காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ்கள் இரைந்துகொண்டிருந்தன.  வீடுவரை அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தக் கைக்கு எடையே இல்லை. நல்லதொரு வாய்ப்பை வீணாக்கிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. பழக்கமில்லாதவர், முதல் நாள், பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கடைசியில் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலிலேயே நிறுத்திச் சரியாகச் சொல்லப் பழக்கிவிட வேண்டும் என்றும் தீர்மானித்தேன்.